ஒன்பது பேர் துணிக்கு எந்த மெஷின்?

ஆடித் தள்ளுபடியோ தீபாவளித் தள்ளுபடியோ வந்துவிட்டால் போதும், ஷோரூமில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். விலையை அப்பா கேட்பார். மாடலை மகன் கைபேசியில் தேடுவான். சித்தப்பா "பெரிய கம்பெனியாப் பாத்து எடுங்க" என்பார். தினமும் அந்த மெஷினோடு மல்லுக்கட்டப் போகிற அம்மா மட்டும் ஓரமாக நின்று, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பார். தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது.

தாத்தா, பாட்டி, இரண்டு அண்ணன் தம்பி குடும்பம், மூன்று பிள்ளைகள் என்று ஒன்பது பேர் உள்ள ஒரு கூட்டுக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நம்மூரில் இன்னும் இப்படி வீடுகள் இருக்கின்றன. இந்த வீட்டுக்கு நம்பி வாங்கக்கூடிய வாஷிங் மெஷின் எது? டிரையர் வேண்டுமா, வேண்டாமா?

முதலில் எடைக் கணக்கு. மெஷினில் "8 கிலோ" என்று ஒட்டியிருப்பது உலர்ந்த துணியின் எடை. அதுவும் பருத்தித் துணிக்கு மட்டும்தான். சிந்தெடிக் புரோகிராம் என்றால் ஏறக்குறைய பாதிதான் போடலாம். டிரம்மின் மேல்பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட வேண்டும் என்பதால், 8 கிலோ மெஷினில் நடைமுறையில் 6 கிலோதான். ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோவை நெருங்கும், குளியல் துண்டு அரை கிலோ வரும். ஆளுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தாலும் இந்த வீட்டில் தினம் 8 கிலோ துணி சேரும். போர்வையும் தலையணை உறையும் தனி. அதாவது நாளுக்கு ஒரு தடவை போட்டால் போதாது. இதைக் கணக்கில் கொள்ளாமல் 6.5 கிலோ மெஷினை வாங்கிவிட்டு, அதில் ஒன்பது பேர் துணியைத் திணித்தால் பேரிங் போகாமல் என்ன செய்யும்? மெஷின் மோசம் என்று பிறகு திட்டிப் பயனில்லை.

அடுத்து டிரையர். இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கில் இரண்டாவது தொட்டியை நம்மூரில் "டிரையர்" என்றுதான் சொல்வோம். உண்மையில் அது துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிகிற ஸ்பின்னர். சூடான காற்றால் துணியை முழுக்கக் காய வைக்கிற டிரையர் வேறு. விலையும் வேறு, கரண்ட் பில்லும் வேறு.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் வேண்டும். இது இயற்பியல், எந்தக் கம்பெனியாலும் இதில் தள்ளுபடி தர முடியாது. நிமிடத்துக்கு 700 சுற்றுப் போல ஸ்பின் ஆகி வெளியே வரும் 8 கிலோ பருத்தித் துணியில் ஐந்தரை லிட்டர் தண்ணீர் இன்னும் தங்கியிருக்கும். 1400 சுற்று ஃபிரண்ட் லோடில் அது 4 லிட்டர் அளவுக்கு இறங்கும். பிழிந்து எடுக்கிற தண்ணீர் மலிவு, சூடாக்கி விரட்டுகிற தண்ணீர்தான் விலை அதிகம். சாதாரண ஹீட்டர் டிரையர் தினம் 4 யூனிட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். வீட்டு உபயோகத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு அறிவித்தது எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டி யூனிட் ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறும். இந்த 240 யூனிட் கடைசிப் படியில் போய் உட்காரும். ஹீட் பம்ப் டிரையர் பாதிக் கரண்டில் வேலையை முடிக்கும்தான், ஆனால் வாங்கும் விலை அதிகம்.

இப்போது ஒரு சின்ன காஸ்டிங். நாற்பதாயிரம் ரூபாய் வாஷிங் மெஷின் பத்து வருடம் தினமும் ஓடினால் நாளுக்குச் சுமார் 11 ரூபாய். ஐம்பதாயிரம் ரூபாய் டிரையர்? வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெயிலே காணாத நாட்கள் வருடத்துக்கு ஐம்பது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் 500 நாள். நாளுக்கு 100 ரூபாய், கரண்ட் தனி! மீதி நாளெல்லாம் அதன் மேல் பழைய நாளிதழ் அடுக்கி வைக்கலாம். மொட்டை மாடியும் கொடியும் உள்ள தமிழ்நாட்டு வீட்டுக்கு டிரையர் வீண் செலவு. மழைக்காலத்துக்கு நல்ல ஸ்பின், ஒரு மடக்கு ஸ்டாண்டு, ஒரு ஃபேன் போதும். மாடியில் உரிமை இல்லாத அடுக்குமாடி வீடு, படுக்கையில் இருக்கும் பெரியவர், கைக்குழந்தை என்றால் கணக்கு மாறும். அங்கே டிரையரை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

"நம்பகம்" என்றதும் எல்லோரும் பிராண்டைத்தான் கேட்கிறார்கள். மெஷினைக் கொல்வது பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கிறது.

1. உப்புத் தண்ணீர். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்திய தர நிர்ணயம். பல ஊர்களில் போர் தண்ணீர் இதைச் சுலபமாகத் தாண்டும். ஹீட்டரில் சுண்ணாம்புப் படிவு ஏறும், தண்ணீர் வரும் வால்வின் வலை அடைக்கும். வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், படிவு நீக்கும் பவுடர் அவ்வப்போது போட வேண்டும்.

2. தண்ணீர் அழுத்தம். 10 மீட்டர் உயரத் தொட்டி கொடுப்பது ஏறக்குறைய 1 பார். மாடி வீட்டின் தலைக்கு மேலேயே தொட்டி இருந்தால் 0.3 பார்கூடத் தேறாது. மெஷினின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும், வாங்கும் முன் பாருங்கள்.

3. எலி. சிரிக்க வேண்டாம்! அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினில் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது நம்மூரில் சர்வசாதாரணம். அடியில் தகடு உள்ள மாடல், இல்லையென்றால் ஒரு கம்பி வலை.

4. வாரண்டி. "மோட்டாருக்கு 10 வருடம்" என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அடிக்கடி போவது மோட்டார் அல்ல. போர்டு, டிரெயின் பம்ப், வால்வு, கதவு ரப்பர். இவற்றுக்கு எத்தனை வருடம், போர்டு மாற்ற எவ்வளவு என்று கேட்டால் விற்பனையாளர் முகம் மாறும். அதைவிட, உங்கள் தெரு மெக்கானிக்கைக் கேளுங்கள். எந்த மெஷினுக்கு உதிரிபாகம் ஒரே நாளில் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படியானால் ஒன்பது பேர் வீட்டுக்கு எது? 8 அல்லது 9 கிலோ மெஷின் ஒன்று. அழுத்தமும் தண்ணீரும் ஒத்துவந்தால் ஃபிரண்ட் லோடு, இல்லையென்றால் டாப் லோடு. கூடவே, வீட்டில் ஏற்கனவே இருக்கும் பழைய செமி ஆட்டோமேட்டிக்கை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடக் கூடாது. அதற்குக் கடையில் கிடைக்கப்போவது ஏதோ ஓராயிரம், ஈராயிரம். சேறு படிந்த யூனிஃபார்ம், மிதியடி, அடுக்களைத் துணி எல்லாவற்றுக்கும் அது போதும். பெரிய மெஷின் படுத்துவிட்டால் சர்வீஸ் ஆள் வரும்வரை கைகொடுப்பதும் அதுதான். ஒன்பது பேர் துணி ஒரு வாரம் தேங்கினால் துவைக்கிற கல்லுக்குத் திரும்பப் போவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக் கருவிகள் வந்ததால் தாயின் வேலை குறையவில்லை என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-லேயே ஒரு புத்தகம் எழுதினார். மற்றவர்கள் செய்த பங்கைக் கருவி எடுத்துக்கொண்டது, தாய் பங்கு அப்படியே நின்றது, சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது என்பது அவர் வாதம். 2019-ல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டிருக்கிறார்கள். மெஷின் துவைக்கும், பிழியும். மாடிக்குத் தூக்கிப் போகாது, காயப்போடாது, மடிக்காது, யார் சட்டை எது என்று பிரித்து வைக்காது.

ஆகவே ஷோரூமில் முதல் கேள்வியை அம்மாவிடம் கேளுங்கள். குனிந்து எடுப்பது கஷ்டமா, நின்று போடுவது கஷ்டமா? பட்டனில் உள்ள எழுத்து தெரிகிறதா? பாதியில் ஒரு துணியைச் சேர்க்க வேண்டியிருக்குமா? மெஷின் வீட்டுக்கு வந்த அன்று டெமோ காட்ட ஆள் வருவார். அப்போது அம்மா ஒருவர் மட்டும் நிற்காமல், வீட்டில் உள்ள எல்லோரும் நின்று பாருங்கள். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று ஒன்பது பேருக்கும் தெரிந்திருக்கிற வீட்டில்தான் மெஷினுக்குப் போட்ட காசு வசூலாகும்.