கோடுகளுக்குள் ஒரு தந்தை

சென்ற பருவத்தில் ஒருநாள், ஆசிரியர் அறையில் ஓர் ஓவிய நூலைப் பிரித்து வைத்திருந்தோம். எட்டிப் பார்த்த நண்பர் ஒருவர், "ஜமக்காளத்துக்கு மாதிரி பார்க்கிறீர்களா?" என்றார். அறையிலிருந்தோர் சிரித்தனர்; நாமும் சிரித்தோம். பக்கம் முழுவதும் பட்டை பட்டையாகக் கோடுகளே இருந்தன. ஆள் இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. அவற்றை வரைந்தவர் ஷான் ஸ்கல்லி. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1945ஆம் ஆண்டு பிறந்தவர். அன்று நண்பருக்குச் சொல்லாமல் விட்ட மறுமொழியை இம்மலரில் எழுத விழைகிறோம்.

நண்பரின் கேலியில் ஓர் உண்மையும் இருந்தது. 1969இல், நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த ஸ்கல்லி மொராக்கோ நாட்டுக்குப் பயணம் சென்றார். அங்கு அவர் கண்ட கோடிட்ட துணிகளும் கூடாரங்களும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. நெசவாளியின் கையிலிருந்தே அவருக்குக் கோடு கிடைத்தது என்றால் அது மிகையன்று. உருவம் எழுதாமல் வண்ணத்தையும் வடிவக் கணக்கையும் கொண்டே அழகைக் கட்டிய மரபு அந்நாட்டு மரபு. அத்தகைய கலையை 'வெறும் அலங்காரம்' என்று பிறர் ஒதுக்கும்போது நமக்கு வருத்தம் உண்டாகிறது. ஆயின் நாமே ஒரு கோட்டோவியத்தின் முன் நின்று, "இது என்ன படம்?" என்று கேட்டு நகர்ந்து விடுகிறோமே, அது எவ்வகையில் நியாயம்?

ஸ்கல்லியின் இளமை வறுமையில் கழிந்தது. அவருடைய நான்காம் வயதில் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. குடியிருப்பு மாறி மாறி வாழ்ந்த வாழ்க்கை. பதினைந்தாம் வயதில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழில் பழகச் சேர்ந்தார். அந்நாளைய அச்சகங்களை அறிந்த பெரியவர்களுக்கு, வரி வரியாக ஈய எழுத்தை அடுக்கும் அப்பணி எத்தகையது என்று நாம் விளக்க வேண்டுவதில்லை. இளைஞராக இருந்தபோது லண்டன் டேட் காட்சியகத்துக்குச் சென்று, வான்கோ வரைந்த நாற்காலி ஓவியத்தைப் பார்த்து நிற்பாராம். அவ்வோவியத்தில் நாற்காலி உண்டு. அமர ஆள் இல்லை. ஆயினும் ஒரு மனிதர் சற்றுமுன் எழுந்து சென்றது போலவே தோன்றும்.

1975இல் அவர் நியூயார்க் சென்றார். அதுவரை ஒட்டுநாடாவை ஒட்டி, விளிம்பு பிசகாத நேர்கோடுகளையே வரைந்து வந்தார். அவை கச்சிதமானவை, நமக்கு அவை குளிர்ந்தே தோன்றுகின்றன. 1981இல், பல பலகைகளை வரிசையாக இணைத்து, 'முதுகுகளும் முகங்களும்' என்னும் பொருள்படும் பெரிய ஓவியத்தைப் படைத்தார். அக்காலத்தில் நாடாவைக் கைவிட்டு, எண்ணெய் வண்ணத்தைத் தூரிகையால் இழுத்து வரையலானார். கோடு நடுங்கியது, விளிம்பில் அடிவண்ணம் எட்டிப் பார்த்தது. கை தெரிந்தது.

இரண்டே ஆண்டுகளில் பேரிடி விழுந்தது. 1983இல் அவருடைய மகன் பால், இருபது வயதுகூட நிறையாத இளைஞன், கார் விபத்தில் மறைந்தான். மறு ஆண்டு தந்தை ஓர் ஓவியம் வரைந்து, அதற்கு மகனின் பெயரையே சூட்டினார். இரண்டரை மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த ஓவியம் இன்று டேட் தொகுப்பில் உள்ளது. அதிலும் கோடுகளே உள்ளன. மகனின் முகம் இல்லை. தாம் நன்கு உருவம் எழுதக் கற்றவராயிருந்தும், அத்தருணத்தில் அவர் முகத்தை நாடவில்லை. இறந்தவனின் முகத்தைத் தீட்டியிருந்தால், பார்ப்பவர் "யார் இப்பையன்? தந்தையின் சாயலா, தாயின் சாயலா?" என்று கேட்டிருப்பர். கோடுகளின் முன் அக்கேள்விகளுக்கு இடமில்லை; எஞ்சுவது ஒரு பாரம் மட்டுமே. இது நம் கருத்து. பெயரை அறியாமல் பார்த்தால் துயர் தோன்றுமா என்று வினவுவோர் உண்டு. பெயரும் ஓவியத்தின் பகுதிதானே!

பின்னர் மெக்சிகோவில் மாயர்களின் பழங்கற்சுவர்கள் மீது ஒளி மாறுவதைக் கண்டு, 1984இல் நீர்வண்ணத்தில் வரைந்த சிறு ஓவியமொன்று, 1998 முதல் 'ஒளிச்சுவர்' என்ற பெருந்தொடராக விரிந்தது. 1989, 1993 ஆகிய ஆண்டுகளில் டர்னர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது, பரிசு கிட்டவில்லை. 2006இல் டப்ளின் ஹியூ லேன் காட்சியகத்தில் அவருடைய ஓவியங்களுக்கென ஓர் அறை திறக்கப்பட்டது. பிறந்த ஊருக்கு அவர் கொடையாக அளித்தவை அவை.

2009இல் அவருக்கு மீண்டும் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. ஒய்ஷீன் என்று பெயர். கடற்கரை மணலில் விளையாடும் அச்சிறுவனை 'எலூத்தேரா' என்ற தொடரில் உருவமாகவே வரைந்தார். இதைக் கண்டு, கோடுகள் போதவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார் எனச் சிலர் வாதிடக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கண்முன் ஓடியாடும் பிள்ளைக்கு உருவம் பொருந்துகிறது. மறைந்தவனுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவே. ஓவியமாக ஒப்பிட்டால், எலூத்தேராவை விட 'பால்' பல மடங்கு உயர்ந்தது என்றே சொல்வோம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நாம் இவற்றை அச்சுப்படங்களிலேயே கண்டோம். அப்படைப்பின் பலகைகள் ஒரே மட்டத்தில் அமைந்தவையல்ல. ஒரு பகுதி சுவரைவிட்டு முன்தள்ளி நிற்கும். அச்சில் அது தட்டையாகி, நண்பர் சொன்ன ஜமக்காளமாகி விடுகிறது. மேற்படிப்புக்கு லண்டன் செல்லும் நம் மாணவர் எவரேனும், அப்படம் காட்சியில் உள்ளதா என்று விசாரித்து, நேரே நின்று பார்த்தபின் சற்றுப் பக்கவாட்டிலும் நின்று பார்த்து வந்து நமக்குச் சொல்ல வேண்டும்.