கைபடாத பயிற்சிகள்

ஆசிரியர்களுக்கான மின்னியல் ஊடகப் பயிற்சிகள் என்று நடத்தப்படுபவற்றுள் பெரும்பாலானவை, ஆசிரியரின் கை கருவியில் படாமலேயே தொடங்கி, படாமலேயே முடிந்துவிடுகின்றன. இதை எழுதினால் சிலருக்கு மனவருத்தம் உண்டாகும் என்பது தெரியும். உண்டாகட்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவு. மண்டபத்தில் எண்பது பேர். வரவேற்புரை, தலைமையுரை, திறப்புரை, சிற்றுண்டி. பத்தரை மணிக்குத்தான் பயிற்றுநரின் கைக்கு ஒலிவாங்கி வந்து சேரும். பிறகு திரையில் அவருடைய சுட்டி பறக்கும். “இங்கே அழுத்துங்கள், இதை இழுத்து அங்கே விடுங்கள், அவ்வளவுதான், எளிமையானது” என்பார். எளிமைதான், அவருக்கு! பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு இணையத் தொடர்பே கிடைத்திருக்காது. பக்கத்தில் இருப்பவரின் மடிக்கணினியில் மின்கலம் தீர்ந்திருக்கும். மாலை நான்கு மணிக்கு நற்சான்றிதழ், பதாகைக்கு முன்னே குழுப்படம், வீடு.

அன்று அந்த ஆசிரியரின் வகுப்பை யார் பார்த்துக்கொண்டார்கள்? நம் தமிழ்ப்பள்ளிகளுள் கணிசமானவை 150 மாணவர்களுக்கும் குறைவானவர்கள் பயிலும் சிறிய பள்ளிகள். அங்கே இரண்டு ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போனால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு நாள் பாடத்தைக் கொடுத்துவிட்டு நாம் வாங்கி வருவது ஒரு தாளும் சில பயிற்சிப் புள்ளிகளும் என்றால், இந்தப் பண்டமாற்றில் இழப்பு யாருக்கு?

கருவி வாங்குவதில் நம் நாடு ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது மடிக்கணினிகளும் எல்.சி.டி. ஒளிவீச்சிகளும் பாட மென்வட்டுகளும் பள்ளிகளுக்கு வந்து குவிந்தன. 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. அடுத்து ‘ஒன்பெஸ்தாரிநெட்’ வந்தது. அதனுடன் ‘ஃபிரோக்’ மெய்நிகர் கற்றல் தளமும் வந்தது. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே குறை கூறியது. 2019-இல் அந்தத் திட்டமும் முடிந்தது. 2020-இல் ‘டெலிமா’ தளம் வந்தது. ஒவ்வொரு முறையும் தளத்தின் பெயர் மாறியது, கடவுச்சொல் மாறியது, விளக்கக் கூட்டம் மட்டும் மாறவில்லை. எங்கே நுழைவது, எங்கே பதிவேற்றுவது என்று காட்டுவார்கள். எதைப் பதிவேற்றுவது, அதை எப்படி உருவாக்குவது என்பது ஆசிரியரின் தலைவிதி.

தமிழாசிரியருக்கோ இன்னொரு சுமையும் உண்டு. பயிற்சி மலாயில் நடக்கும். மாதிரிப் படைப்புகளும் மலாயில் இருக்கும். அது இயல்புதான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ரோமன் எழுத்தில் எதுவும் உடையாது. தமிழில் உடையும். ‘கொடி’ என்று காணொளித் தலைப்பில் எழுதிப் பாருங்கள். சில மென்பொருள்களில் ககரம் முன்னால் வந்துவிடும். கொம்பு அதற்குப் பின்னால் போய் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். ஒருங்குறியில் மெய் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டு வருவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யாத மென்பொருளிடம் நாம் எவ்வளவு சரியாகத் தட்டச்சு செய்தாலும் பயனில்லை. சில மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேடி மாற்ற வேண்டும். அதுவும் இல்லையென்றால், தலைப்பைப் பவர்பாயிண்டில் எழுதி, படமாகச் சேமித்து, அந்தப் படத்தைக் காணொளியில் ஒட்டிவிடலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் இதைச் சொல்லித்தர ஆளில்லாததால், ஊக்கத்தோடு தொடங்கிய ஓர் ஆசிரியர் “தமிழெல்லாம் இதில் வராது” என்று முடிவுகட்டி மூடிவைத்துவிடுகிறார். பார்த்துக்கொண்டே இருக்கும் பயிற்சியில் இந்தச் சிக்கல் தலைகாட்டவே காட்டாது. தானே செய்யும்போதுதான் கொம்பு ஓடும்.

இத்தனைக்கும் இந்தத் துறையில் நாம் பின்தங்கிய கூட்டமல்ல. முரசு மென்பொருளை 1980-களிலேயே உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்த அவருடைய செல்லினம் 2005-இல் வெளியீடு கண்டது. 2001-இல் உலகத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இந்தப் பெருமைகளை மேடைதோறும் பேசுகிறோம். பேசுகிற மேடைக்குக் கீழே, தமிழ் விசைப்பலகையைத் தம் கைப்பேசியில் சேர்க்கத் தெரியாமல் மாணவர்க்கு “வணக்கம்” என்பதை ரோமன் எழுத்தில் அனுப்பும் ஆசிரியர் அமர்ந்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து காட்ட ஒருவரும் இல்லாமல் போனதுதான் குற்றம்.

“ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை, மூத்தவர்களால் முடியாது” என்று சொல்லும் அதிகாரிகளுக்கு 2020-ஐ நினைவூட்டுகிறேன். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடியது. பயிற்சி இல்லை, பதாகை இல்லை, சிற்றுண்டி இல்லை. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியைகள் கைப்பேசியை அரிசி டின்னில் சாய்த்து வைத்துப் பாடம் பதிந்ததை நான் அறிவேன். புலனக் குழுவில் ஒருவர் ஐயம் கேட்பார். இன்னொருவர் திரையைப் படமெடுத்து, சிவப்பு வட்டமிட்டு அனுப்புவார். அரைமணியில் வேலை முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கான பட்டறைகளில் வராதது சில வாரங்களில் வந்தது. காரணம் வெளிப்படை. மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. அதைத் தம் கையால் செய்தார்கள். அருகில் கேட்பதற்கு ஆள் இருந்தது.

அப்படியொரு பயிற்சியைத்தான் கேட்கிறோம். இருபது பேருக்கு மேல் வேண்டா. எல்லாரும் தம் வகுப்பில் உண்மையாகவே பயன்படுத்தும் கருவியைக் கொண்டுவரட்டும். கைப்பேசியாக இருந்தாலும் போதும். எடுத்துக்காட்டாக, மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்று. நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒரு கதையைப் பங்கு பிரித்து வாசிக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்து, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வை, கதவுக்குப் பக்கத்தில் உட்காராதே என்பதிலிருந்தே பாடம் தொடங்கும். பிறகு வெட்டுதல், ஒட்டுதல், இரைச்சல் குறைத்தல், கோப்பாகச் சேமித்தல். பாடிய பாட்டை எல்லாம் பின்னணியில் போடக்கூடாது, உரிமை பிறருடையது என்பதையும், பிள்ளையின் முகத்தையோ குரலையோ வெளியிடும் முன் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம். முதல் நாள் ஒன்று செய்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பட்டும். மூன்று வாரங்கள் கழித்து, வகுப்பில் பதிந்ததை எடுத்துக்கொண்டு இரண்டாம் நாளுக்கு வரட்டும். அந்த இரண்டாம் நாள்தான் பயிற்சியின் உயிர்; நம்மவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

இதில் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். ‘பள்ளி’ என்பதைப் ‘பல்லி’ என்று வாசிக்கும் மாணவனை நாம் நூறு முறை திருத்துகிறோம். அவன் காதில் ஏறுவதில்லை. தன் குரலைத் தானே கேட்கும்போது முகம் சுளித்து, “சார், இன்னொரு தடவை பதியலாமா?” என்கிறான். ல, ள, ழ மூன்றுக்கும் நான் கண்ட மருந்துகளில் இதற்கு இணையானது வேறில்லை.

இளம் ஆசிரியர்களுக்கு இவையெல்லாம் தெரியும் என்பதும் பொய். டிக்டாக் பார்க்கத் தெரிவது வேறு, பாடத்திற்கு ஏற்றதை ஆக்கத் தெரிவது வேறு. சோறு உண்ணத் தெரிந்தவரெல்லாம் சமைக்கத் தெரிந்தவரா?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். திறன் தொலைக்காட்சி வாங்க நன்கொடை திரட்டுகிறீர்கள். உங்கள் உழைப்பு பெரிது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், போன ஆண்டு வாங்கியதில் நம் ஆசிரியர்கள் தாமே செய்த எத்தனை பாடங்கள் ஓடின என்று கேளுங்கள். தலைமையாசிரியர்களும், அடுத்த பயிற்சிக்கான அழைப்புக் கடிதம் வரும்போது, பதில் எழுதுவதற்கு முன் மூன்றே மூன்றைக் கேட்டுப் பெறட்டும்: எத்தனை பேர், தமிழில் செய்துகாட்டுவார் யார், மாலையில் எங்கள் ஆசிரியர் எதைச் செய்து முடித்துக் கையோடு கொண்டு வருவார்?