‘க்ரோன்ஸ் நோய்னு சொல்றீங்க... அப்புறம் எப்படி இவ்ளோ வெயிட்?’ - குடல் நோயாளிகளும் எடைக்குறைப்பு சர்ஜரியும்

“குடல்ல பிரச்னைன்னு சொன்னாங்க... பார்த்தா நல்லாதானே இருக்க?”

என் தோழி ஒருத்தி ஆறு வருஷமா எல்லா விசேஷ வீட்டிலும் கேட்கிற கேள்வி இது. அவளுக்கு 29 வயது. க்ரோன்ஸ் நோய். உயரம் 160 செ.மீ, எடை 92 கிலோ. ‘நல்லா இருக்க’ என்பதற்கு அத்தைமார்கள் அகராதியில் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சில மாதங்களுக்கு முன் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிக் கேட்க ஒரு சர்ஜனைப் பார்த்தாள். “உங்க கேஸ்ட்ரோ டாக்டர் ஓகே சொன்னா நான் ரெடி” என்றார் அவர். கேஸ்ட்ரோ டாக்டரிடம் போனால், “சர்ஜன் என்ன சொல்றார்னு கேட்டுட்டு வாங்க.” ரெண்டு பேரும் தப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால், நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அவள்தான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஐ.பி.எஸ் வேற, ஐ.பி.டி வேற. டென்ஷனானால் வயிறு கலக்குவது, கேஸ், மலச்சிக்கல் என்று படுத்துவது ஐ.பி.எஸ். அதில் குடலில் புண் இருக்காது. ஐ.பி.டி எனும் குடல் அழற்சி நோயில் நம் நோய் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கும். இதில் முக்கியமாக ரெண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலோடு நின்றுவிடும். க்ரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம்.

ஐ.பி.டி என்றாலே எலும்பும் தோலுமாக இருப்பார்கள் என்பது பழைய பிம்பம். மேற்கத்திய நாடுகளில் இந்த நோயுள்ள பெரியவர்களில் 15 முதல் 40 சதவிகிதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள் என்று மருத்துவ இதழ்கள் சொல்கின்றன. நம்ம ஊரும் பழைய ஊர் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழகப் பெண்களில் 40 சதவிகிதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். ஊரே எடை போடும்போது குடல் நோயாளிகள் மட்டும் தப்பிப்பார்களா? போதாக்குறைக்கு ஸ்டீராய்டு. நோய் சீறும்போதெல்லாம் அதைத்தான் கொடுப்பார்கள். பசி பிய்த்தெடுக்கும், முகம் உப்பும். என் தோழி மூன்று தடவை அந்த கோர்ஸை முடித்தபோது 19 கிலோ கூடியிருந்தது.

கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்கிற சமாசாரமும் இல்லை. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் ஆல்ஃபா போன்ற பொருள்களை அதுவும் சுரக்கிறது. க்ரோன்ஸுக்குப் போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து அடக்கப் பார்ப்பது அதே பொருளைத்தான். அந்த மருந்தின் அளவும் எடையை வைத்துத்தான். வழக்கமாகக் கிலோவுக்கு 5 மி.கி. 92 கிலோவுக்கு 460 மி.கி, அதாவது 100 மி.கி குப்பிகள் ஐந்து. 70 கிலோ என்றால் நாலு போதும். அந்த ஒரு குப்பிக் காசு அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை.

சரி, சர்ஜரி பண்ணலாமா?

ஐ.பி.டி இருந்தாலே ‘கூடவே கூடாது’ என்று சொல்லிவிடும் காலம் மாறிக்கொண்டிருக்கிறது. இதுவரை வந்த ஆய்வுகளில் எடை நன்றாகவே குறைகிறது. தேர்ந்தெடுத்த நோயாளிகளில் சிக்கல்களும் சமாளிக்கக்கூடிய அளவில் இருக்கின்றன. ஆனால், இவற்றில் பெரும்பாலானவை பழைய கேஸ் ஷீட்களை வைத்துச் செய்த, சின்ன எண்ணிக்கை ஆய்வுகள். அதனால் ‘எடை குறைஞ்சா க்ரோன்ஸும் போயிடும்’ என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நாற்காலியை விட்டு எழுந்துடுங்க.

எந்த சர்ஜரி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலில் கொஞ்சம் தள்ளி இணைத்துவிடுவார்கள். க்ரோன்ஸ்காரர்களுக்கு நாளைக்கே சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்ட வேண்டிவரலாம். ஏற்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கிவைத்த பிறகு இன்னொரு பகுதியும் போனால், உணவை உறிஞ்ச எவ்வளவு மிச்சம் இருக்கும்? தவிர, ஒதுக்கிவைத்த இரைப்பைக்குள்ளும் முன்சிறுகுடலுக்குள்ளும் வழக்கமான எண்டோஸ்கோப்பி எளிதில் போகாது. அங்கே புண் வந்தால் பார்க்கவே சிரமம். அதனால் க்ரோன்ஸுக்குப் பெரும்பாலும் ஸ்லீவ்தான் சிபாரிசு. இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ வடிவக் குழாயாக்குவது. குடலில் கை வைப்பதில்லை. வெட்டியதை ஒட்ட முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றால் ரெண்டுமே யோசிக்கலாம். பெருங்குடலை அகற்றிவிட்டுச் சிறுகுடலிலேயே பை செய்து பொருத்தும் ஆபரேஷன் சிலருக்குத் தேவைப்படும். வயிற்றில் கொழுப்பு அதிகமிருந்தால் அதுவே கஷ்டம் என்பதும் எடையைக் குறைக்கச் சொல்ல ஒரு காரணம்.

ஸ்லீவ் என்றால் நிம்மதியா? பி12 கதையைக் கேளுங்க. இந்த விட்டமினைப் பிடித்துக்கொண்டு போக இரைப்பை ஒரு புரதத்தைச் சுரக்கிறது. உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. க்ரோன்ஸ் அதிகம் தாக்குவது அதே கடைசிப் பகுதியைத்தான். ஸ்லீவில் சுரக்கும் இடமும் குறைந்துபோகிறது. கொடுக்கிற இடம், வாங்குகிற இடம் ரெண்டிலும் அடி. ஆகவே பி12, இரும்புச்சத்து, விட்டமின் டி எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையோ ஊசியோ ஆயுசு முழுக்க. ‘ஆபரேஷன் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுது’ என்கிற விளம்பர வாசகம் இங்கே செல்லாது.

நேரமும் முக்கியம். நோய் சீறிக்கொண்டிருக்கும்போது செய்யக் கூடாது. ஸ்டீராய்டு உடம்பில் இருந்தால் காயம் ஆற லேட்டாகும், தையல் போட்ட இடத்தில் கசியும் ஆபத்தும் கூடும். அதற்காக நீங்களே ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். அது தனி ஆபத்து. குழந்தை பெற நினைப்பவர்கள் சர்ஜரிக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். ‘கல்யாணத்துக்குள்ள வெயிட்டைக் குறைச்சிடு’ என்று துரத்தும் வீடுகள் இதையும் சேர்த்துக் கணக்கு போடட்டும்.

“இதுக்கெல்லாம் இப்போ ஊசி வந்துடுச்சே?” வந்துவிட்டதுதான். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ, ஜூனில் வெகோவி இந்தியாவுக்கு வந்தன. கத்தி இல்லை, சிலருக்கு நல்ல வழிதான். ஆனால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இவற்றின் வழக்கமான பக்கவிளைவுகள். ராத்திரி வயிறு கலக்கினால் அது ஊசியா, க்ரோன்ஸா என்று எப்படித் தெரியும்? குடல் சுருங்கிப்போனவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்த இடம் இன்ஷூரன்ஸ். உலக அளவிலான எடைக்குறைப்பு சர்ஜன்கள் அமைப்புகள் 2022-ல் விதிகளைத் தளர்த்தின. பி.எம்.ஐ 35-க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சர்ஜரி பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-ஐத் தாண்டினாலே யோசிக்கலாம் என்றன. நம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019-ல் வகுத்த பாலிசி வாசகமோ 40 கேட்கிறது. 35 என்றால் கூடவே நாலில் ஒன்று கடுமையாக இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை நோய். குடல் அழற்சி நோய் அந்தப் பட்டியலில் இல்லை.

என் தோழியின் பி.எம்.ஐ 36. கம்பெனியின் ஹெல்ப்லைனில் இதைக் கேட்டுவிட்டு போனை வைத்தவள் சொன்னாள்: “அப்போ இன்னும் பத்து கிலோ ஏத்திட்டு வரணுமாடி நான்?” கணக்கு போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

குடலுக்காக எடையைக் குறைக்கச் சொல்வது மருத்துவம். குடல் நோயைக் காரணமாக ஏற்காதது பாலிசி. பணக்காரர்கள் கையிலிருந்து கட்டிவிடுவார்கள். முதல் தலைமுறை சம்பளக்காரப் பெண் என்ன செய்வாள்?

அவள் செய்தது இது. ரெண்டு டாக்டரையும் கெஞ்சிக் கூத்தாடி ஒரே வீடியோ காலில் உட்கார வைத்தாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது, மூன்று மாதம் காத்திருப்பது, மலத்தில் கால்ப்ரொடெக்டின் டெஸ்ட்டும் கொலனோஸ்கோப்பியும் செய்து அழற்சி அடங்கியிருந்தால் மட்டும் ஸ்லீவ் என்று முடிவானது. மாத்திரைகளில் சில குடலில் குறிப்பிட்ட இடத்தில் கரைகிற வகை. சர்ஜரிக்குப் பிறகு அவற்றை மாற்றணுமா என்பதையும் அந்த காலிலேயே கேட்டுவிட்டாள். ஆறு மாதமாக ரெண்டு ஓ.பி-யில் கிடைக்காத பதில் அது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரெண்டு டாக்டர்களின் கடிதத்தோடு எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. ஸ்கோப் தேதி தீபாவளிக்கு முந்தின வாரம். முதல் நாள் முழுக்கத் தெளிந்த நீராகாரம்தான். வீட்டில் அம்மா முறுக்கு சுடப்போகும் நாளும் அதுதானாம். இப்போதைக்கு அவளுடைய ஒரே புலம்பல் அது.