இளவேனில் முன்னறிவிப்பில் காற்றைக் காணோம்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தலைவர் அவர்களுக்கு,

பிப்ரவரி முடிகிற கையோடு மார்ச் முதல் மே வரைக்கான பருவக் கண்ணோட்டம் உங்கள் துறையிலிருந்து வருகிறது. வெப்பம் இயல்பைவிடக் கூடுமா, மழை இயல்பை ஒட்டி இருக்குமா என்று நிறம் தீட்டிய வரைபடங்கள். மறுநாள் நாளேடுகளில் அது இந்த ஆண்டும் வெயில் கொளுத்தும் என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வரைபடம் வேண்டியதில்லை.

உங்கள் கணக்கில் தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே உட்பிரிவு. நாட்டிலுள்ள 36இல் ஒன்று. ஊட்டியும் அதற்குள், தனுஷ்கோடியும் அதற்குள். கோடை மழை இயல்பாக 125 மில்லிமீட்டர் அளவு என்பது இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லும் சராசரி. 2024 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஈரோட்டில் 40 டிகிரியைத் தாண்டிய வெயில். 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை இழுத்துச் சென்றது. மொத்தச் சராசரியில் இரண்டுமே மறைந்துவிடும்.

மழைக் கணக்கு பொய் என்று சொல்ல வரவில்லை. கோடையில் எங்களைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று. அதைப் பற்றித்தான் கண்ணோட்டத்தில் பேச்சே இல்லை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் வருசநாட்டு மலையும் இருபுறம் நிற்க, நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வாழையும் தென்னையும் திராட்சையும் விளையும் மண். உச்சி வெயிலில் மலைச்சரிவு காய்ந்து காற்று மேலெழும்பும். எங்கிருந்தோ ஈரக்காற்றும் வந்து சேர்ந்தால் பிற்பகலில் இடிமேகம் திரளும். மழை இறங்குவதற்குச் சற்று முன் மேகத்தின் வயிற்றிலிருந்து குளிர்ந்த காற்று கீழே விழுந்து, தரையில் அடித்து, நாலாபுறமும் பாயும். அந்தச் சூறைக்காற்று கொஞ்ச நேரம் அடித்தாலே போதும், குலை தள்ளிய வாழை தோப்போடு சாயும். பெய்த மழை மழைமானியில் பத்து மில்லிமீட்டர்கூட இருக்காது. உங்கள் பதிவேட்டில் அது ஒரு சாதாரண நாள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக்கு வேறு கவலை: பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். ஆக, வாழைக்காரருக்குக் காற்று எப்போது என்று தெரிய வேண்டும், திராட்சைக்காரருக்கு மழை எந்த வாரம் என்று தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்கு மொத்த மழை எவ்வளவு என்று இருவரும் கேட்கவில்லை. மழையே இல்லாத வறண்ட காற்றும் இதே மாவட்டத்தில் என்ன செய்யும் என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பார்த்தோம். மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீக்கு இரையானார்கள்.

இனி கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் கடலில் இருப்பவர்கள் நாட்டுப்படகுக்காரர்களும் வள்ளக்காரர்களும்தான். காற்றுக்கு முதலில் ஆட்டம் காணும் சிறு படகுகள் மட்டும் தொழிலுக்குப் போகும் பருவம் இது என்பதை உங்கள் கண்ணோட்டம் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். ஒடுங்கிய தரைக்கு இப்புறம் பாக் நீரிணை, அப்புறம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வாடை அடித்தால் வடகடல் பொங்கும், தென்கடல் படிந்திருக்கும். மேற்குக் காற்றான கச்சான் கிளம்பினால் நேர்மாறு. வைகாசியில் கச்சான் எந்த வாரம் வலுக்கும் என்று தெரிந்தால் எந்தக் கரையில் படகை வைப்பது என்று முடிவு செய்துகொள்வார்கள். இதே மேற்குக் காற்றை நம்பித்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் மின் உற்பத்திக்கு முன்கணிப்பு தயாராகிறது. கம்பிக்குள் போகும் காற்றுக்கு இருக்கும் மரியாதை படகில் மோதும் காற்றுக்கும் கிடைக்கட்டும்.

காற்றே இல்லாமலும் கடல் ஏறும். கள்ளக்கடல் அப்படிப்பட்டது. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலை, சில நாள் பயணத்துக்குப் பின், வெயில் காயும் குமரிக் கரையில் ஏறும். அதிகமும் சித்திரை, வைகாசியில். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஆக அறிவியல் தோற்கவில்லை. எச்சரிக்கைதான் மணலில் கால் வைத்தவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

எந்த ஊரில் எந்த நாள் சூறை அடிக்கும் என்று மார்ச்சிலேயே சொல்லுங்கள் என்று கேட்பது அபத்தம். அது யாராலும் ஆகாது. ஆனால் வியாழன்தோறும் உங்கள் துறை அடுத்த சில வாரங்களுக்கான நீட்டித்த முன்னறிவிப்பை வெளியிடுகிறதே, அதை ஏப்ரல், மே மாதங்களிலாவது தமிழில், கம்பம் பள்ளத்தாக்குக்குத் தனியாக, வடகடலுக்கும் தென்கடலுக்கும் குமரியின் மேற்குக் கரைக்கும் தனித்தனியாகப் பிரித்துத் தரலாமே. பருவக் கண்ணோட்டத்தோடு இன்னொரு பக்கமும் சேருங்கள்: கடந்த பல ஆண்டுகளில் இந்த மூன்று மாதங்களில் பலத்த காற்று வீசிய நாள்கள் எந்தெந்த வாரங்களில் கூடின என்று, பாம்பனிலும் தூத்துக்குடியிலும் உள்நாட்டு நிலையங்களிலும் உள்ள பழைய பதிவுகளிலிருந்து ஒரு அட்டவணை. அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். பதிவுகள் உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன.

2024இல் மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை நாடெங்கும் மூடிவிட்டார்கள். அது உங்கள் கையில் இல்லாத முடிவு என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்கும் காற்று அட்டவணை உங்கள் கையில்தான். அது அடுத்த மார்ச் முதல் வாரத்துக்குள் வந்தால், குலை தள்ளும் வாழைக்கு முட்டுக்கம்பு வாங்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகன்