புது பம்பர் வேண்டாம், பழையதைத் தேயுங்கள்

எனக்கு முப்பது தாண்டிவிட்டது. போன கோடையில் நான் வாங்கிய மொரிஸ் மைனர் 1000 காருக்கு அறுபது தாண்டிவிட்டது. எஞ்சின் நல்லது, தகரமும் பரவாயில்லை. ஆனால் பம்பர், விளக்கு வளையம், கதவுக் கைபிடி எல்லாம் துருப்புள்ளி. லண்டனில் இந்தக் காருக்கு உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஓர்டர் கொடுக்கப் போன என்னை அப்பா தடுத்தார்.

"தம்பி, அது இன்னும் சாகேல்லையே, ஏன் எறியிறாய்?"

அப்பா சொன்னதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

குரோம் என்பது நாம் நினைப்பது போல் தடித்த கவசம் இல்லை. பம்பர் இரும்பு. அதன்மேல் நிக்கல், சிலவேளை அதற்கும் கீழே செம்பு. கடைசியாகத்தான் குரோமியம், அதுவும் ஒரு மைக்ரோனுக்கும் குறைவாக. துருவைத் தடுப்பது பெரும்பாலும் நிக்கல்தான். அதில் ஊசித்துளை விழுந்தால் இரும்பு துருப்பிடித்து, அந்தத் துரு மேலே வந்து படியும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் பல இடங்களில் துருவுக்குக் கீழே குரோம் அப்படியே இருக்கும்.

அதைச் சுத்தம் செய்யச் சமையலறை அலுமினியத் தாள் போதும். கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. பிறகு நன்றாகத் துடைத்து, காயவைத்து, மெழுகு பூசுங்கள். துளைகள் மறையாது. ஆனால் ஈரம் உள்ளே போவது குறையும்.

நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். இரும்பில் துரு எடுக்க வினாகிரி நல்லது என்று படித்துவிட்டு, ஒரு கதவுக் கைபிடியை இரவு முழுக்க அதில் ஊறப்போட்டேன். அது இரும்பு இல்லை, துத்தநாகக் கலப்பு. காலையில் பார்த்தால் குரோமின் துளைகள் வழியே அமிலம் புகுந்து உள்ளே அரித்திருந்தது. பொறியியலில் மாஸ்டர்ஸ் படித்தவன் முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கலாம்! ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் வினாகிரிப் பக்கமே போகாதீர்கள்.

எல்லாவற்றையும் தேய்த்தே காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. குரோம் செதில் செதிலாக உரிந்தால் மறுபடி முலாம் பூசத்தான் வேண்டும். அதை வீட்டில் முயலாதீர்கள். அந்தத் தொட்டிகளில் வழக்கமாகப் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். அது அனுமதி பெற்ற பட்டறைகளின் வேலை.

"உன் மணித்தியாலச் சம்பளத்துக்குப் புதுசு மலிவு" என்று நண்பன் சிரித்தான். கணக்குச் சரிதான். ஐ.டி. வேலையில் நானும் நேரத்தை விற்றுத்தான் பிழைக்கிறேன். ஆனால் அவன் கணக்கில் ஒன்று விடுபட்டுவிட்டது.

இரண்டு சனிக்கிழமை அப்பா கராஜில் என்னோடு இருந்து தேய்த்தார். தேய்த்துக்கொண்டே பெரியப்பாவைப் பற்றிப் பேசினார். அப்பா எண்பதுகளில் இங்கே வந்துவிட்டார். பெரியப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு மைனரை வாடகைக்கு ஓட்டினார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோலைச் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். புது பம்பருக்கு எங்கே போவது? தும்பும் சாம்பலும் போட்டுப் பானை மினுக்குவதுபோலத் தேய்ப்பாராம். பெரியப்பா போய்ப் பத்து வருடமாகிறது. இந்தக் கதையை அப்பா அதுவரை எனக்குச் சொன்னதே இல்லை.

வாங்க வசதி இருப்பதால் நமக்குத் திருத்தும் பழக்கம் போய்விட்டது. உங்கள் வீட்டிலும் சைக்கிளோ தையல் மெஷினோ ஏதாவது ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும். எறிய முதல் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருத்தி, ஒரு சனிக்கிழமை தேய்த்துப் பாருங்கள்.

என் பம்பரில் இன்னும் புள்ளிகள் இருக்கின்றன. இருக்கட்டும்.