குப்பைத்தொட்டிப் பொத்தான்

பத்திரிகைகளுக்குப் படமெடுக்கத் தொடங்கியிருக்கும் இளம் நண்பர்கள் நம்மிடம் முதலில் கேட்பது, எந்தக் காமிராவை வாங்கலாம் என்பதைத்தான். எத்தனை மெகாபிக்சல், எந்த லென்ஸ் என்று பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவை பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியவை. காமிராவின் முதுகில் குப்பைத்தொட்டிப் படம் போட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கிறதல்லவா, செய்திப் படத்துக்கு அதைவிடப் பெரிய பகை இல்லை என்பதே நம் எண்ணம்.

1996 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில் அதிபர் கிளிண்டன் கூட்டத்தினரைச் சந்தித்தபடி சென்றார். டைம் இதழின் புகைப்படக்காரர் டிர்க் ஹால்ஸ்டெட் அங்கிருந்து ஃபிலிமில் படமெடுத்தார். ஒரு படத்தில் அதிபர் ஓர் இளம்பெண்ணைத் தழுவுகிறார். அன்றைக்கு அதில் செய்தி ஏதும் இல்லை. 1998 ஜனவரியில் மோனிகா லெவின்ஸ்கி விவகாரம் வெடித்தபோது, இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஹால்ஸ்டெட்டுக்குத் தோன்றியது. உதவிக்கு ஓர் ஆளை அமர்த்தி, குவிந்துகிடந்த ஸ்லைடுகளைத் தேடச் செய்தார். படம் அகப்பட்டது, டைம் அட்டைக்கும் போயிற்று. அதே இடத்தில் டிஜிட்டலில் எடுத்த மற்றவர்கள், பயனற்றவை என்று கருதித் தங்கள் படங்களை எப்போதோ அழித்துவிட்டிருந்தனர்.

அதிபர்கள் வரை போக வேண்டியதில்லை. 2005இல் ஒரு சிற்றூர்ப் புத்தக வெளியீட்டு விழாவில் நாமே இந்தத் தவற்றைச் செய்தோம். 128 எம்.பி. கார்டு நிறைந்துவிட்டது. மேடையில் ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் எழுவதற்குள் 'வேண்டாதவற்றை' அழித்தோம். கடைசி வரிசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் மங்கலான படமும் அவற்றோடு போயிற்று. நாற்பதாண்டுகள் சிற்றிதழ்களுக்கு அச்சுக்கோத்தவர் அவர். இரண்டாண்டுகளில் காலமானார். அஞ்சலிக் குறிப்புக்குப் படம் தேடியபோது யாரிடமும் இல்லை. குடும்ப அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் அச்சிட்டோம். முகம் புள்ளிகளாகச் சிதறியிருந்தது.

ஆகவே முதல் பாடம், களத்தில் நின்றுகொண்டு தீர்ப்பு எழுதாதிருத்தல். வெயிலில் அந்தச் சின்னத் திரை பொய் சொல்லும். இருண்டதாகத் தெரியும் படம் வீட்டில் கணினியில் சரியாகவே இருக்கும். ஒளியளவைத் திரையின் பளிச்சென்ற தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது ஓரத்தில் அது முட்டி நின்றால் வெள்ளைச் சட்டைகளின் விவரம் போய்விட்டது என்று பொருள். எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. மண்டப வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தத் தயங்க வேண்டாம். மணல் தூவியது போன்ற படத்தை அச்சிட முடியும். கை ஆடிப்போன படத்தை முடியாது. நிற்பவர்களுக்கு ஷட்டர் 1/125, ஓடுபவர்களுக்கு 1/500 என்று தொடங்கலாம். திரையை ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்ப்பதை விட்டொழியுங்கள்; நாம் குனிந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் எதிரே ஏதாவது நடக்கும்.

தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேலும் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே புதிதாக எதுவும் பதியாதவரை, மீட்பு மென்பொருள் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். யாராவது மிரட்டி அழிக்கச் செய்தாலும் இதுவே வழி. இரண்டு இடங்களில் பிரதி எடுத்த பிறகே கார்டைத் துடைக்க வேண்டும்.

அழிப்பதில் இன்னொரு வகையும் உண்டு, படத்துக்குள்ளேயே அழிப்பது. 2013இல் சிரியாவில் எடுத்த படமொன்றின் ஓரத்தில் சக செய்தியாளரின் வீடியோ காமிரா தெரிந்தது. நர்சிஸோ கோன்ட்ரேராஸ் அதை மென்பொருளில் மறைத்தார். புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவர் அவர். 2014 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. மூலையில் கிடந்த கருவிக்கு இவ்வளவு கடுமையா என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அது கடுமையாகப் படவில்லை. மூலையில் கைவைத்தவர் நடுவில் வைக்கவில்லை என்பதற்கு வாசகரிடம் என்ன சான்று இருக்கிறது? வெளிச்சம் கூட்டலாம், ஓரம் வெட்டலாம். உள்ளிருப்பதை எடுக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. எதைச் செய்தாலும் பிரதியில் செய்யுங்கள், மூலம் தொடப்படாமல் இருக்கட்டும். காமிரா ராவ் கோப்பையும் சேமிக்குமானால் அதையும் வைத்துக்கொள்வது நல்லது.

அவமானத்திலும் துயரத்திலும் இருப்பவர்களின் படங்களை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வெளியிடாதீர்கள். வெளியிடாமலிருப்பது வேறு, அழிப்பது வேறு.

வைத்திருந்தால் மட்டும் போதாது, தேடினால் கிடைக்கவும் வேண்டும். காமிராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று புறப்படும்முன் பாருங்கள்; கலவரம் ஒன்றில் எது முன், எது பின் என்பதற்கு அதுவே சாட்சியாகலாம். அன்றிரவே ஒவ்வொரு படத்திலும் யார், எங்கே, எந்த நாள் என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள். மேடையிலிருப்பவர்களின் பெயர் அழைப்பிதழில் இருக்கும். கடைசி வரிசையில் இருப்பவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும், தலைப்பெழுத்தோடு.