தெருவுக்கு ஒரு குழு

"வாட்ஸ்அப் வந்துதான் ஜனங்களைப் பிரிச்சுடுச்சு" என்றார் கலசப்பாக்கம் டீக்கடையில் ஒரு வாத்தியார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்தது எந்த செல்போன்? குழுவும் இங்கே தெருவாரியாகத்தான் இருக்கிறது. தறிக்காரர் குழுவில் காலனி ஆள் கிடையாது. அங்கே கிளம்பும் பொய்க்கு இங்கிருந்து மறுப்புப் போக வழியில்லை.

2018 மே 9. பக்கத்துப் போளூர் வட்டாரம், அத்திமூர். குலசாமி கும்பிட சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க என்ற புரளி செல்போன்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அடித்தார்கள். 65 வயது அம்மா ஒருவர் செத்தார். அடித்ததையும் படமெடுத்து அனுப்பினார்கள். ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு வைத்தது. அந்த ஐந்தும் சொந்த சாதிக்காரனுக்கே போனால்? நம்மாளு அனுப்பினான் என்பதுதானே இங்கே சாட்சி!

நான் மட்டும் யோக்கியனா? எம்.ஏ. தமிழ் படித்தவன். ஊர்த்தெருப் பையன்கள் எங்க பையனை அடிச்சிட்டாங்க என்று வந்ததை விசாரிக்காமல் நாலு குழுவுக்குத் தள்ளினேன். கலவரமானால் எரியப்போவது எங்கள் குடிசைதான் என்பதுகூட உறைக்கவில்லை. ராத்திரி அந்தப் பையனே வாசலில் வந்து நின்றான். "அண்ணே, நான் பைக்கிலேர்ந்து விழுந்தேண்ணே."

மறுப்பைப் போட்டேன், எங்கள் குழுக்களில். ஊர்த்தெருவுக்குச் சொல்ல ஒரு நம்பர்கூட என்னிடம் இல்லை.